பச்சை என்றால் தட்டை

ஹைதராபாத்தின் வடகிழக்கே இருக்கும் மல்காஜ்கிரி ரயில் நிலையத்துக்கு ரயில்வே வைத்திருக்கும் சுருக்கப் பெயர் எம்.ஜே.எஃப். எம் சரி, ஜேயும் சரி. எஃப் எங்கிருந்து வந்தது? மல்காஜ்கிரி என்ற பெயரை எந்த மொழியில் எப்படி உச்சரித்தாலும் அந்த ஒலி அதில் இல்லை. பக்கத்து செகந்திராபாத் எஸ்.சி., காச்சிகுடா கே.சி.ஜி. என்று பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்க, இந்த ஊருக்கு மட்டும் ஒரு விருந்தாளி எழுத்து. ஆனால் யாரும் குழம்புவதில்லை. டிக்கெட்டில் எம்.ஜே.எஃப். என்று இருந்தால் இறங்க வேண்டிய இடம் மல்காஜ்கிரிதான். சென்னை சென்ட்ரல் இரண்டு முறை பெயர் மாறியும் எம்.ஏ.எஸ். என்று பழைய மெட்ராஸையே சுமந்துகொண்டிருப்பதும் இதே கதை.

இது சங்கேதம். ரகசியம் அல்ல. ஒரு பெயருக்குப் பதில் இன்னொரு குறி என்று எல்லோரும் ஒத்துக்கொண்டது, அவ்வளவே. தந்திக் கம்பியில் ஒவ்வொரு எழுத்துக்கும் நேரமும் காசும் செலவான காலத்தில் பிறந்த பழக்கம். வியாபாரிகள் ஒரு படி மேலே போய் முழு வாக்கியத்துக்கு ஒரு சொல் என்று அகராதியே போட்டார்கள். 1906இல் வந்த பென்ட்லி அகராதி அவற்றில் பெயர் பெற்றது. 'சரக்கு கப்பலில் ஏற்றப்பட்டது, பணம் அனுப்பவும்' என்பதை ஐந்து எழுத்தில் முடித்துவிடலாம். புத்தகம் கடையில் கிடைக்கும், யார் வேண்டுமானாலும் வாங்கிப் படித்துக்கொள்ளலாம். நோக்கம் சிக்கனம்தான். இந்தியாவில் தந்தி சேவை 2013 ஜூலையில் மூடப்பட்டபோது இந்தச் சிக்கனக் கலையும் அதோடு போனது. ரயில் நிலையங்களின் சுருக்கப் பெயர்கள் மட்டும் தங்கிவிட்டன.

கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இன்னும் அழகான உதாரணம் உண்டு. கல்யாணி ராகத்துக்கு முன்னால் 'மேச' என்றும், சங்கராபரணத்துக்கு முன்னால் 'தீர' என்றும் ஏன் ஒட்டுப் போட்டார்கள்? கடபயாதி முறையில் ம என்றால் 5, ச என்றால் 6. திருப்பிப் படித்தால் 65. மேசகல்யாணி 65ஆவது மேளகர்த்தா. 'தீர' என்பதில் 9, 2. திருப்பினால் 29. ராகத்தின் பெயருக்குள்ளேயே அதன் வரிசை எண். யாரிடமிருந்தும் எதையும் மறைக்க அல்ல, மாணவனுக்கு நினைவில் நிற்கவே இந்த ஏற்பாடு.

மறைப்பதற்கென்றே இருப்பது வேறு ஜாதி. ஆங்கிலத்தில் அதற்கு சைஃபர் என்று பெயர். தமிழர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. கணக்கில் பையன் வாங்கிவரும் சைபர் இதுதான். நம்முடைய சூன்யத்தை அரபிகள் 'சிஃபர்' என்று மொழிபெயர்த்தார்கள், அது லத்தீனுக்குப் போய் பூஜ்யத்தையும் பிறகு எண்களையும் குறித்து, எண்களால் எழுதிய ரகசியத்தையும் குறிக்கத் தொடங்கிற்று. இப்போது போலீஸ் நிலையங்களில் எழுதியிருக்கும் சைபர் கிரைமில் வரும் சைபர் இதற்கு உறவே இல்லாதது. மாலுமியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. தமிழ் எழுத்தில் மூன்றும் ஒன்றுபோலத் தோன்றுவது நம் அதிர்ஷ்டம் அல்லது துரதிர்ஷ்டம். இங்கே சைபரை 'மறை எழுத்து' என்று சொல்லிக்கொள்வோம்.

இதைப் புரிந்துகொள்ள மல்காஜ்கிரிக் காய்கறிக் கடை நல்ல பள்ளிக்கூடம். செகந்திராபாத்தை ஒட்டிய இந்தப் பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. கடைக்காரரிடம் தெலுங்கில் பேசிக்கொண்டே நடுவில் மனைவி கணவரிடம் தமிழுக்குத் தாவுவார்: ''கிலோவுக்கு அஞ்சு ரூபா கூடச் சொல்றான், வாங்க அடுத்த கடைக்குப் போகலாம்.'' கடைக்காரர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் தமிழிலேயே பதில் சொல்வார்: ''நமக்குச் சித்தூர் பக்கம்மா. அந்த அஞ்சு ரூபாயைக் குறைச்சே குடுங்க.'' வெளியூர்த் தமிழர்களில் இந்த அனுபவம் இல்லாதவர் குறைவு. மொழியே பூட்டு என்று நம்பினால் அந்த மொழி தெரிந்த யாரும் உள்ளே வந்துவிடலாம்.

ஆகவே கூட்டங்கள் தங்களுக்கென்று சொற்களை உண்டாக்கிக்கொண்டன. நன்னூல் இதற்கு ஓர் இடம் ஒதுக்கிப் பெயரும் வைத்திருக்கிறது: குழூஉக்குறி. உரைகாரர்கள் தரும் உதாரணங்கள் பள்ளியில் படித்தவைதான். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார்கள், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பார்கள். குடித்தவன் எல்லாவற்றையும் உளறிவிடுவான் என்பதால் கள்ளுக்கு அந்தப் பெயர். குடிகாரர்களைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவதும் இதே குடும்பம். தக்கர்களின் கூட்டத்து மொழியான ராமஸியை ஸ்லீமன் 1836இல் அகராதியாகவே வெளியிட்டார். மூன்று ஆண்டு கழித்துத் தக்கர்களைப் பற்றி நாவல் எழுதி இங்கிலாந்தைக் கலக்கிய மெடோஸ் டெய்லர், ஹைதராபாத் நிஜாமிடம் வேலை பார்த்தவர். அகராதி அச்சானதும் அந்தப் பாஷையின் கதை முடிந்தது. குழூஉக்குறியின் பலவீனமே இதுதான். சொற்பட்டியல் வெளியே போனால் எல்லாம் போயிற்று. புதிதாக இன்னொரு பட்டியல் போட்டு, கூட்டத்தில் ஒவ்வொருவரும் அதை மறுபடி மனப்பாடம் செய்ய வேண்டும்.

மறை எழுத்து சொற்களைத் தொடுவதில்லை. எழுத்துகளைப் பிடித்து ஆட்டுகிறது. வாத்ஸ்யாயனர் சொல்லும் 64 கலைகளில் ஒன்று 'ம்லேச்சித விகல்பம்', அதாவது பேச்சை அந்நிய பாஷை போல ஒலிக்கச் செய்வது. அர்த்தசாஸ்திரமும் ஒற்றர்கள் சங்கேத லிபியைப் பயன்படுத்த வேண்டும் என்கிறது. காமசூத்திரத்துக்கு உரை எழுதிய யசோதரர் இதைச் செய்யும் வழிகளையே தருகிறார். அவற்றில் ஒன்றுக்கு மூலதேவீயம் என்று பெயர். மூலதேவன் வடமொழிக் கதைகளில் வரும் கெட்டிக்காரப் போக்கிரி. பொருத்தமான பெயர்தான்.

மூலதேவீயத்தின் நெளிவு சுளிவுகளை விட்டுவிட்டு அதன் சாரத்தை மட்டும் தமிழுக்கு மாற்றிப் பார்க்கலாம். ச இருக்கும் இடத்தில் ட, ட இருக்கும் இடத்தில் ச. அதேபோல தவும் பவும் இடம் மாறுகின்றன. ஞவும் ணவும், நவும் மவும் அப்படியே. மற்ற மெய்களையும் உயிர்க்குறிகளையும் தொட வேண்டாம். இப்போது 'பச்சை' என்று எழுதினால் 'தட்டை' என்று வரும். 'சந்தை' என்பது 'டம்பை' ஆகிவிடும். 'தச்சன்' 'பட்டன்' ஆவார். படிப்பவர் செய்ய வேண்டியதும் அதே மாற்றம்தான்: தட்டையை மறுபடி மாற்றினால் பச்சை.

அடிப்படைச் சொற்கள் அத்தனையும் இந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. 'பச்சை' மூல வாசகம். 'தட்டை' மறை வாசகம். எழுத்துக்கு எழுத்து மாற்று என்பது முறை. எந்த எழுத்துக்கு எது என்ற பட்டியல் சாவி. மூலத்தை மறையாக்குவது பூட்டுதல். சாவி உள்ளவர் அதை மூலமாக்குவது திறத்தல். சாவி இல்லாதவர் அதையே செய்துவிட்டால் அது உடைத்தல். திறப்பதையும் உடைப்பதையும் தமிழில் ஒரே சொல்லால் எழுதுகிற வழக்கம் பரவியிருக்கிறது. வீட்டுக்காரரும் திருடனும் ஒரே கதவு வழியாகத்தானே வருகிறார்கள் என்று இருவருக்கும் ஒரே பெயர் வைப்பது போன்றது அது.

எழுத்தை மாற்றாமல் இடத்தை மட்டும் மாற்றுவது இரண்டாவது வகை. 'நாளை காலை வருவேன்' என்பதை மேலும் கீழுமாக இரண்டு வரிசையில் எழுதினால் மேல் வரிசையில் நா, கா, வ, வே. கீழே ளை, லை, ரு, ன். சேர்த்து எழுதினால் 'நாகாவவேளைலைருன்'. ஓர் எழுத்துகூடப் புதிதில்லை, ஆனால் ஒன்றும் விளங்காது. சித்திரகவி படித்தவர்களுக்கு இந்த ஏறி இறங்கும் நடை பழக்கமானது. மாடு நடந்துகொண்டே பெய்த தடம் போல என்று அதற்குக் கோமூத்திரி என்று பெயர் வைத்தவர்கள் கூச்சப்படவில்லை. மேற்கத்தியர்கள் இதே தடத்தை வேலிக் கம்பி என்கிறார்கள். அங்கே புலவர் எழுதியது பாட்டு, இங்கே ஒற்றன் எழுதுவது செய்தி. தடம் ஒன்றுதான்.

மூன்றாவது, செய்தி இருப்பதையே மறைப்பது. தண்டியலங்காரம் சொல்லும் கரந்துறைச் செய்யுள் அந்த இனம். ஒரு பாட்டின் எழுத்துகள் இன்னொரு பாட்டுக்குள் சிதறி ஒளிந்திருக்கும். வெளிப்பாட்டை ரசித்துவிட்டுப் போகிறவருக்கு உள்ளே இன்னொன்று இருக்கிறது என்ற சந்தேகமே வராது. மறை எழுத்தில் சந்தேகம் வரும், விளங்காது. கரந்துறையில் விளங்கும், சந்தேகம் வராது. இரண்டையும் சேர்த்துக்கொண்டவர்களும் உண்டு. ஸ்காட்லாந்து ராணி மேரி 1586இல் மறை எழுத்தில் எழுதிய கடிதங்கள் பீர் பீப்பாய்க்குள் ஒளிந்து பயணம் செய்தன. பீப்பாய்க்காரர் எதிரியின் ஆள். மறை எழுத்தை தாமஸ் ஃபெலிப்ஸ் என்பவர் உடைத்தார். மறை எழுத்தை நம்பித்தான் கடிதங்களில் எல்லாம் வெளிப்படையாகப் பேசப்பட்டது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ராணியின் தலை போயிற்று.

உடைப்பது எப்படி? தமிழில் 18 மெய்கள். அவற்றை விருப்பம் போல் மாற்றி அடுக்கினால் கிடைக்கும் சாவிகள் சுமார் 64 கோடி கோடி. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் பேரன் காலத்திலும் முடியாது. ஆனால் யாரும் அப்படிச் செய்வதில்லை. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதிலிருந்த அல்-கிந்தி காட்டிய வழி வேறு. ஒரு மொழியில் எந்த எழுத்து அதிகம் வருகிறது என்று எண்ணிக்கொள்ள வேண்டும். மறை வாசகத்தில் எது அதிகம் வருகிறது என்றும் எண்ண வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் முகமூடி நழுவத் தொடங்கும்.

தமிழில் உடைப்பவருக்கு இன்னொரு கூட்டாளி உண்டு. தொல்காப்பியர். எந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரும், எது கடைசியில் வரும், எந்த மெய்யை அடுத்து எந்த மெய் நிற்கும் என்று அவர் போட்டுவைத்த விதிகள் உளவுத்துறைக்கு எழுதிய கையேடு போல உதவுகின்றன. மேலே சந்தை 'டம்பை' ஆனதைப் பாருங்கள். டகரத்தில் தமிழ்ச் சொல் தொடங்காதே! 'பட்டம்' என்று எழுதினால் 'தச்சந்' என்று வருகிறது. ந் என்று முடியும் சொற்கள் தொல்காப்பியர் காலத்திலேயே விரல் விட்டு எண்ணக்கூடியவை. 'நட்பு' 'மச்து' ஆகிறது. க், ச், த், ப் நான்கும் ஒரு சொல்லுக்குள் தம்மைத் தவிர வேறு மெய்யோடு சேர மாட்டா என்பது இலக்கணம் படித்த எவருக்கும் தெரியும். மறை வாசகத்தில் ஓர் எழுத்து இரட்டித்து வந்தால் அது ர, ழ அல்ல என்று உடனே இரண்டைக் கழித்துவிடலாம். சந்தியில் மிகும் ஒற்றை ஒதுக்கிவிட்டால் சொல்லின் கடைசியில் நிற்கும் புள்ளி எழுத்து பெரும்பாலும் ம், ன், ல், ள், ர் என்று ஒரு சிறிய வட்டத்துக்குள் அடங்கிவிடும். ஒழுங்காகப் பூட்டிய தமிழ்க் கடிதத்தை உடைக்கக் கணினி வேண்டியதில்லை. ஒரு பென்சிலும் நன்னூல் எழுத்ததிகாரம் நினைவில் இருக்கும் ஒரு தமிழாசிரியரும் போதும். எழுத்ததிகாரம் எதற்கு என்று கேட்கும் மாணவர்களுக்கு இதைவிட ருசியான பதில் வகுப்பறையில் கிடைத்ததாகத் தெரியவில்லை.

சாவிகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பாதுகாப்பை அளக்கக்கூடாது என்பதும் இதில் தெரிகிறது. இந்தியாவில் இணையச் சேவை உரிமங்களின் பழைய விதி, 40 பிட் வரையான சாவியை மட்டுமே அனுமதி கேட்காமல் பயன்படுத்தலாம் என்றது. அதில் சாத்தியமான சாவிகள் சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம் கோடி. நம்முடைய 18 மெய் விளையாட்டில் இருப்பது அதைப்போல 5,800 மடங்கு. இருந்தும் விளையாட்டு பென்சிலுக்குத் தோற்கிறது.

எழுத்தை எண்ணுபவரைக் குழப்ப ஒரு வழி, சாவியை இடத்துக்கு இடம் மாற்றுவது. க ங ச ஞ வரிசையில் முதல் எழுத்தை ஓர் இடம் தள்ளு, அடுத்ததை இரண்டு இடம் தள்ளு, மறுபடி ஒன்று, மறுபடி இரண்டு. 'பப்பாளி' இப்படிப் போனால் 'மய்மானி' ஆகிவிடுகிறது. மூலத்தில் ஒரே பகரம், மறையில் ஓரிடத்தில் ம, ஓரிடத்தில் ய. இனி எண்ணிப் பயனில்லை. இத்தாலியரான பெல்லாஸோ 1553இல் இதை ஒரு சாவிச்சொல்லோடு வெளியிட்டார். பெயர் என்னவோ பின்னால் வந்த பிரெஞ்சுக்காரர் விஜனேருக்குப் போய்விட்டது. 300 ஆண்டுகள் இதை உடைக்கவே முடியாது என்று ஐரோப்பா நம்பியது. சாவிச்சொல் திரும்பத் திரும்ப வருவதால் மறை வாசகத்திலும் துண்டுகள் திரும்ப வரும், அந்த இடைவெளிகளை அளந்தால் சாவியின் நீளம் தெரிந்துவிடும் என்று 1863இல் கசிஸ்கி அச்சில் போட்டார்.

அதற்கு 20 ஆண்டு கழித்து, 1883இல், ஹாலந்தில் பிறந்து பிரான்ஸில் ஆசிரியராக இருந்த கெர்க்காஃப்ஸ் ராணுவ மறை எழுத்துகளுக்கு எழுதிய விதி இன்றும் நிற்கிறது. முறை எதிரியின் கையில் விழுந்தாலும் கவலை வரக்கூடாது, ரகசியம் சாவியில் மட்டும் இருக்க வேண்டும். சித்தூர்க் கடைக்காரரிடம் தோற்ற தம்பதிக்கு இல்லாதது இதுதான். தமிழைத் தவிர அவர்களிடம் வேறு சாவி இல்லை. 'க' பாஷை பேசும் குழந்தைகள் இதில் கெட்டிக்காரர்கள். 'கநாகளை கவா' என்பது பாட்டிக்குப் புரிந்துவிட்டது என்று தெரிந்த அன்றே 'க'வை விட்டுவிட்டு வேறோர் எழுத்துக்குப் போய்விடுவார்கள். முறை அதேதான், சாவி மட்டும் புதிது.

கணினித் தமிழில் இந்த வேறுபாடுகள் கரைந்துகொண்டிருப்பதுதான் வருத்தம். 'குறியாக்கம்' என்ற சொல்லுக்கு இரண்டு வேலை கொடுத்திருக்கிறார்கள். எழுத்துக்கு எண் கொடுக்கும் சங்கேதமும் குறியாக்கம், ரகசியமாகப் பூட்டுவதும் குறியாக்கம். இரண்டும் எவ்வளவு வேறு என்பதற்கு 1990களின் கடைசியில் தமிழில் மின்னஞ்சல் அனுப்பியவர்களே சாட்சி. அமெரிக்காவிலிருந்து மகன் எழுதிய கடிதம் மல்காஜ்கிரியில் திறந்தால் கட்டங்களும் கொக்கிகளுமாக இருக்கும். யாரும் எதையும் பூட்டவில்லை. அவர் ஓர் எழுத்துரு அட்டவணை, இவர் வேறோர் அட்டவணை. தமிழ்நாடு அரசு 1999இல் டாம், டாப் என்று தரங்களை அறிவித்ததும் பிறகு யூனிகோட் வந்ததும் அந்தத் தொல்லைக்கு மருந்து. அது சங்கேதத்தின் கோளாறு, சாவியின் கோளாறு அல்ல. ரகசியத்துக்கு 'மறையாக்கம்' என்ற நல்ல சொல் இருக்கும்போது அதையே வைத்துக்கொள்வதில் என்ன கஷ்டம்? சாவியை 'விசை' என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். தட்டச்சுப் பலகையில் இருப்பது விசை. பூட்டைத் திறப்பது சாவிதான்.

சொல் தெரியாவிட்டால் என்ன குடிமுழுகிப் போகும் என்று கேட்கலாம். 2015 செப்டம்பரில் மத்திய அரசு மறையாக்கத்துக்கு ஒரு தேசியக் கொள்கை வரைவை வெளியிட்டது. ஆங்கிலத்தில், அதிகாரிகளின் நடையில். அதன் நடுவே ஒரு வரி, வியாபார நிறுவனங்களும் சாதாரணக் குடிமக்களும் தாங்கள் அனுப்பும் மறை வாசகத்துக்குரிய மூல வாசகத்தை 90 நாள் வைத்திருந்து, கேட்கும்போது கொடுக்க வேண்டும் என்றது. மூல வாசகம் என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தெரியாதவர்களுக்கு அது இன்னொரு அரசாங்க வரி. பெட்டியைப் பூட்டி அனுப்பு, ஆனால் உள்ளே வைத்ததன் நகலைப் பூட்டாமல் வீட்டில் மூன்று மாதம் வைத்திரு என்பதுதான் அதற்கு அர்த்தம். அந்த நகல் திருடு போனால் பூட்டியதற்குப் பயனே இல்லை. எதிர்ப்பு கிளம்பியதும் சில வலைதளச் சேவைகளுக்கு விலக்கு உண்டு என்று ஒரு விளக்கம் வந்தது. அதுவும் எடுபடாமல் போக, 22ஆம் தேதி வரைவு வாபஸ் வாங்கப்பட்டது.